ரேஸுக்கு முன் சைக்கிளை சர்வீஸுக்கு விடுகிறீர்களா? இதைப் படித்துவிட்டு விடுங்கள்

தினம் ஒரு கட்டமாக ஐந்து நாள் ஓட்டும் மலை சைக்கிள் ஸ்டேஜ் ரேஸ் ஒன்றில் மூன்றாம் நாள் மதியம் நான் வெளியேறினேன். கால் ஓய்ந்து போகவில்லை, கீழே விழவும் இல்லை. முன் பிரேக் பிடித்தது பிடித்தபடியே இறுகிவிட்டது, சக்கரம் உருள மறுத்தது. ரேஸுக்காகவே காசு கொடுத்துச் செய்த சர்வீஸ்தான் அதற்குக் காரணம். மலை சைக்கிள் ரேஸுக்கோ பல நாள் பயணத்துக்கோ கிளம்பும் முன் சைக்கிளை யாரிடமாவது ஒப்படைக்கப் போகிறவர்கள் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். ஒர்க்‌ஷாப்பின் பெயரை நான் போடவில்லை. பெயரைப் போட்டால் அந்த ஒரு இடத்தை மட்டும் தவிர்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவீர்கள். இது எந்த இடத்திலும் நடக்கலாம்.

அது இருவர் அணியாக ஓட்டும் ரேஸ். தென்னாப்பிரிக்காவில் 2004 முதல் நடக்கும் கேப் எபிக் இந்த வகையில் பெரிய பெயர்; அங்கே ஜோடியில் ஒருவர் மற்றவரைவிட 2 நிமிடத்துக்கு மேல் விலகிப் போகக் கூடாது, போனால் நேரம் சேர்த்துத் தண்டனை. நாங்கள் ஓட்டியது அதைவிட மிகச் சின்னது, ஆனால் சேர்ந்தே ஓட வேண்டும் என்ற விதி அதிலும் உண்டு. என் ஜோடி என்னைவிட ஆறு வயது இளையவன். ஆறு மாதம் சேர்ந்து பயிற்சி எடுத்தோம். பல நாள் ஓட்டத்துக்கு ஒரு நாள் நீளமாக ஓட்டிப் பழகினால் போதாது. களைத்த காலோடு மறுநாள் காலையில் மறுபடி ஏறி உட்காரப் பழக வேண்டும். அதனால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொண்டோம். அந்த ஆறு மாதத்தில் என் சைக்கிள் 150 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தது.

ரேஸுக்கு முந்தைய இரண்டு வாரம் ஓட்டத்தைக் குறைத்து உடம்புக்கு ஓய்வு கொடுப்பது வழக்கம். சைக்கிளும் எப்படியும் சும்மாதான் நிற்கப் போகிறது, இந்த நேரத்தில் சர்வீஸுக்கு விடலாம் என்று நினைத்தேன். சரியான யோசனை என்றுதான் தோன்றியது. ஆனால் இதனால் ஒன்று நடந்துவிடுகிறது: சர்வீஸ் முடிந்து வந்த சைக்கிளை ரேஸின் முதல் நாள்தான் உண்மையாக ஓட்டிப் பார்க்கிறோம். அதற்குள் திருப்பிக் கேட்க யாரும் பக்கத்தில் இருப்பதில்லை.

கிளம்புவதற்கு ஒன்பது நாள் முன்னால் சைக்கிளை விட்டேன். என்னென்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொன்னேன்: முன் சக்கரத்தைத் தாங்கி அதிர்வை வாங்கும் ஃபோர்க்கின் கீழ்க்கால்களைக் கழற்றி எண்ணெய் மாற்ற வேண்டும், இரண்டு பிரேக்கிலும் காற்றை வெளியேற்றிப் புது எண்ணெய் ஊற்ற வேண்டும், செயின் தேய்மானம் அளந்து பார்க்க வேண்டும், டியூப்லெஸ் டயரில் ஓட்டையைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவம் நிரப்ப வேண்டும். “அஞ்சு நாள்ல ரெடி ஆயிடும் சார்” என்றார்கள். ஐந்து நாள் ஏழானது, ஏழு எட்டானது. கிளம்புவதற்கு முந்தின நாள் இரவு கடை சாத்தும் நேரத்தில்தான் கைக்கு வந்தது. பில்லில் நான் சொன்ன எல்லாமே வரிவரியாக இருந்தன. தெருவில் ஒரு சுற்று ஓட்டினேன், பிரேக் நன்றாகப் பிடித்தது. பெட்டியில் அடைத்துவிட்டேன்.

முதல் நாள் குறையே இல்லை. அன்று சாயங்காலம் சைக்கிளைக் கழுவித் துடைக்கும்போது கையால் பிடிக்கும் இடது பிரேக் லீவருக்கு அடியில், ஹேண்டில்பாரில் கட்டை விரல் அகலத்துக்குப் பெயின்ட் உப்பியிருந்தது. துணி பட்டதும் தோல் உரிவது மாதிரி உரிந்து வந்தது. பயணத்தில் எங்கேயோ உரசியிருக்கும் என்று விட்டுவிட்டேன். இதை இங்கே விரிவாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது, அப்புறம் சொல்கிறேன்.

இரண்டாம் நாள் நீண்ட இறக்கம் ஒன்றில் லீவரை விட்டால் அது சட்டென்று திரும்பவில்லை, மெதுவாக ஊர்ந்து வந்தது. சமதளத்தில் முன் சக்கரம் ஏதோ சேற்றில் போவது போல இழுத்தது. ஜோடி முன்னால் போய்ப் போய் நின்று காத்திருந்தான். இரவு பார்த்தால் சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கின் விளிம்பு நீலம் பாரித்திருந்தது, அதைக் கவ்விப் பிடிக்கும், புதிதாகப் போட்ட பேட் பாதிக்கு மேல் கரைந்திருந்தது. பேட் மாற்றினேன். மூன்றாம் நாள் 40 கிலோமீட்டர் தாண்டுவதற்குள் லீவர் உள்ளே போனது போனதுதான். பேட் இரண்டும் டிஸ்க்கைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை.

“நீ போடா” என்றேன். “இல்லண்ணே, கொஞ்சம் பாப்போம்” என்று அரை மணி நேரம் கூடவே நின்றான். விதிப்படி ஜோடி விலகினாலும் மற்றவர் ஓட்டலாம், ஆனால் தரவரிசையில் இடமில்லை. ஆறு மாத உழைப்பு அவனுக்கும்தானே. நான் வற்புறுத்தித்தான் போனான். நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் அவன் கணக்கில் வராத நேரத்தைத் தனியாக ஓட்டி முடித்தான். நான் பைகள் ஏற்றிய வண்டியில் வந்தேன். எனக்கு வந்த நஷ்டத்தைவிட அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அன்று இரவு ரேஸ் முகாமில் இருந்த மெக்கானிக் பிரேக்கைத் திறந்தார். திறக்கும் முன்பே உரிந்த பெயின்ட்டைப் பார்த்துவிட்டு, “இதுல டாட் ஊத்திட்டாங்களா?” என்று கேட்டார். உள்ளே இருந்ததை வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுக் காட்டினார். வெளிர் மஞ்சள். என் பிரேக் ஷிமானோ, அதற்கு மினரல் ஆயில் மட்டும்தான் ஊற்ற வேண்டும். ஷிமானோவின் எண்ணெய் சிவப்பு, மகுராவினுடையது நீலம். மஞ்சளாக வந்தது கார் பிரேக்குக்கு ஊற்றும் டாட் திரவம்.

இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகவே ஆகாது. மினரல் ஆயில் பிரேக்கில் இருக்கும் ரப்பர் சீல்கள் வேறு வகை. டாட் பட்டால் ஊறி உப்பிவிடும். டாட் பிரேக்கில் மினரல் ஆயிலை ஊற்றினால் அங்கே இருக்கும் சீல்களுக்கும் அதே கதிதான். உப்பிய சீல், பேட்டைத் தள்ளும் பிஸ்டனைத் திரும்ப விடாது. பிஸ்டன் இருக்கும் கேலிப்பரிலிருந்து அவர் எடுத்துக் காட்டிய சீல் வளையம் அது உட்கார வேண்டிய பள்ளத்துக்குள் மறுபடி போகவே இல்லை, அவ்வளவு பருத்திருந்தது. முதல் நாள் நன்றாக இருந்து மூன்றாம் நாள் இறுகியதற்கும் காரணம் இதுதான்: ஊறுவதற்கு நாள் பிடிக்கிறது. டாட் பெயின்ட்டையும் அரிக்கும். கழுவும்போது கையோடு வந்த அந்தத் தோல்தான் எனக்குக் கிடைத்த எச்சரிக்கை. நான் புரிந்துகொள்ளவில்லை.

பிராண்டைத் தெரிந்து வைத்திருந்தால் மட்டும் போதாது. ஸ்ராம் பிராண்டின் பிரேக்குகளில் பலவற்றுக்கு டாட் 5.1, ஆனால் அதன் மேவன், டிபி8 போன்ற மாடல்களுக்கு மினரல் ஆயில். லீவரின் எண்ணெய் மூடியைப் பாருங்கள், எது ஊற்ற வேண்டும் என்று பெரும்பாலும் அங்கேயே பொறித்திருக்கும். சைக்கிளை விடும்போது அதைக் காட்டி, எந்த எண்ணெய் ஊற்றப் போகிறார்கள் என்பதை வேலைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் சைக்கிளைத் திருப்பி எடுத்து வந்துவிடுங்கள்.

பிரேக்கையாவது அறியாமை என்று சொல்லலாம். ஃபோர்க்கில் நடந்தது அப்பட்டமான ஏமாற்று. கீழ்க்கால்களைக் கழற்ற வேண்டுமென்றால் அடியில் இருக்கும் போல்ட்டைத் திறந்தாக வேண்டும், வேறு வழி இல்லை. மெக்கானிக் டார்ச் அடித்துக் காட்டினார். இடது கால் போல்ட்டின் அறுகோணத் துளைக்குள் காய்ந்த மண் அடைத்துக் கெட்டியாக இருந்தது, செங்கல் நிறத்தில். ரேஸ் பாதை முழுக்கக் கருமண். அது என் கடைசிப் பயிற்சி ஓட்டத்தின் மண். சர்வீஸில் அந்தத் துளைக்குள் சாவி நுழைந்ததே இல்லை என்று அர்த்தம். ராக்‌ஷாக்ஸ் என்ற ஃபோர்க் நிறுவனம் 50 மணி நேரத்துக்கு ஒரு முறை கீழ்க்கால் சர்வீஸ் சொல்கிறது. 150 மணி நேரம் ஓடிய ஃபோர்க்கை மேலே துடைத்துப் பளபளப்பாக்கிவிட்டு எண்ணெய் மாற்றியதாகக் காசு வாங்கியிருக்கிறார்கள்.

திரும்பி வந்ததும் படங்களோடு போனேன். “எல்லா எண்ணெயும் ஒண்ணுதான் சார், ரேஸ்ல ஓட்டினா பிரேக் போகத்தான் செய்யும்” என்றார் உரிமையாளர். மண் அடைத்த போல்ட்டின் படத்தைக் காட்டியதும் பேச்சு நின்றது. ஃபோர்க் வேலைக்கான கூலியை மட்டும் திருப்பிக் கொடுத்தார். பிரேக்குக்கு ஒன்றும் கிடையாது என்றுவிட்டார். லீவர், குழாய், கேலிப்பர் மூன்றையும் தூக்கிப் போட்டுப் புதிது வாங்கினேன். தவறான திரவம் ஓடிய பிரேக்கைக் கழுவிப் பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஊறிய ரப்பர் பழையபடி ஆகாது.

இனி நான் சர்வீஸை மூன்று வாரம் முன்னதாகவே முடித்துவிடுகிறேன். அதற்குப் பிறகு பயணத்துக்கான பைகளைக் கட்டிக்கொண்டு இரண்டு நீண்ட ஓட்டமாவது போகிறேன், நல்ல இறக்கம் உள்ள பாதையில். பேட் புதிதென்றால் அதைப் பழக்கவும் அந்த ஓட்டம் வேண்டும். மிதமான வேகத்திலிருந்து ஒரு இருபது முறை, கொஞ்சம் வேகமாக ஒரு பத்து முறை பிடித்துப் பிடித்து விட்டால்தான் முழுப் பிடிப்பு வரும். மாற்றிய பழைய சீல், பழைய பேட், பழைய செயின் எல்லாவற்றையும் கேட்டு வாங்குகிறேன். 12 கியர் செயினை 0.5 சதவீத நீட்சியிலேயே மாற்றிவிட வேண்டும், அதை அளக்கும் கருவியை நானே வாங்கி வைத்திருக்கிறேன். சைக்கிளை விடும் முன் ஃபோர்க்கின் அடி போல்ட்டில், பாதி போல்ட்டிலும் பாதி ஃபோர்க்கிலும் படும்படி மார்க்கரில் ஒரு கோடு போடுகிறேன். திறந்திருந்தால் கோடு முன்பிருந்த இடத்தில் அப்படியே ஒட்டி நிற்காது.

இந்த வாரம் கிளம்புகிறவர்களுக்கு இதற்கெல்லாம் நேரம் இருக்காது. இன்று இரவே டார்ச்சை எடுத்துக்கொண்டு சைக்கிளிடம் போங்கள். முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, லீவரைப் பத்து முறை பிடித்து விட்டு, மறுபடி சுற்றுங்கள். முதலில் சுற்றியது போலவே சுற்ற வேண்டும். லீவர் விரலோடு ஒட்டி உடனே திரும்ப வேண்டும். லீவருக்கு அடியில் பெயின்ட்டைத் தடவிப் பாருங்கள். ஃபோர்க்கைத் திருப்பி அடி போல்ட்டின் துளையைப் பாருங்கள். ஏதாவது சரியில்லை என்று தோன்றினால் படம் எடுத்துக்கொண்டு காலையில் கடை திறக்கும்போதே போய் நில்லுங்கள், கூட ஓட்டப் போகிறவருக்கும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.