எதிர்காற்றில் கூட்டம், ஏற்றத்தில் தனி: சைக்கிளில் யாரோடு போவது?

மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. விடிகாலை 5 மணிக்குத் திருவான்மியூரில் கிளம்பிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால், மாமல்லபுரம் வரைக்குமான ஏறக்குறைய 45 கிலோமீட்டரும் கால் வலிக்காது. வடகிழக்குக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே வரும். காபி குடித்துவிட்டு ஹேண்டில்பாரை வடக்கே திருப்பும்போதுதான் கணக்கு புரியும். மணிக்கு 30 கிலோமீட்டரில் போன வண்டி 20-க்கு இறங்கிவிடும். முட்டுக்காடு பாலத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர். காற்றை மறைக்க ஒரு மரம்கூடக் கிடையாது. தனியாகப் போவது நல்லதா, கூட்டத்தோடு போவது நல்லதா என்ற கேள்வி எனக்கு நிஜமாக எழுந்தது அந்தப் பாலத்தில்தான்.

முதலில் காற்றையே எடுத்துக்கொள்வோம். சமதரையில் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டினால் நம் உழைப்பில் பெரும்பங்கு காற்றைப் பிளப்பதற்கே போய்விடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்கு. அதை வெல்ல வேண்டிய சக்தி எட்டு மடங்கு. முன்னால் ஒருவர் போனால் அந்தச் சுமையில் ஒரு பங்கை அவர் வாங்கிக்கொள்கிறார். பெர்ட் பிளாக்கன் என்ற ஆய்வாளரின் குழு 2018-ல் 121 பேர் கொண்ட பந்தயக் கூட்டத்தை எடுத்துக்கொண்டு இதைக் கணக்கிட்டது. கூட்டத்தின் நடுவில் ஒளிந்திருப்பவர் மீது விழும் காற்றுத் தடை, அதே வேகத்தில் தனியாகப் போகிறவருடையதில் 5 முதல் 10 சதவீதம்தானாம். ஞாயிற்றுக்கிழமை நாம் போகும் எட்டுப் பேர் வரிசையில் அவ்வளவு கிடைக்காது. ஆனாலும் பின்னால் ஒட்டிக்கொண்டவருக்குக் கால்வாசி உழைப்பாவது மிச்சமாகும். முறை வைத்து ஆளுக்குச் சில நிமிடம் முன்னால் போய் இழுத்தால், தனியாக நாக்குத் தள்ளும் அதே எதிர்காற்றில் எல்லோரும் பேசிக்கொண்டே வீடு வந்து சேரலாம். இந்த இடத்தில் கூட்டத்துக்குப் பக்கத்தில் வர எதுவும் இல்லை.

அதற்கு ஒரு விலை உண்டு. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கும் நம் முன்சக்கரத்துக்கும் நடுவே ஒரு மீட்டர், சில சமயம் அதிலும் பாதிதான் இடைவெளி. கோவளம் தாண்டி ஒருநாள் முதலில் போனவர் ஒரு பள்ளத்தைப் பார்த்துச் சட்டென்று விலகினார்; கையும் காட்டவில்லை, குரலும் கொடுக்கவில்லை. எனக்கு முன்னால் போன நண்பரின் முன்சக்கரம் அவருக்கு முன்னிருந்தவரின் பின்சக்கரத்தில் உரசியது. ரப்பர் மேல் ரப்பர் தேயும் ‘சர்ர்’ என்ற சத்தம் ஒரு நொடி. முன்னால் போனவருக்கு ஒன்றுமே ஆகவில்லை. நண்பர் மட்டும் இடது தோள் தரையில் மோத விழுந்தார். இது எப்போதும் இப்படித்தான். சமநிலை முன்சக்கரத்தைத் திருப்புவதில் இருக்கிறது. அது மாட்டிக்கொண்டால் வண்டியைக் காப்பாற்ற வழி இல்லை. அதனால் விழுவது பின்னால் வருகிறவர்தான். அன்றைக்குக் காலர் எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கையைத் தொட்டில் கட்டி வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு ஒரு மூத்தவர் எனக்குச் சொன்னது இன்றுவரை உதவுகிறது: “தம்பி, முன்னாடி ஓடுற சக்கரத்தையே பாக்காத. அவரு தோளுக்கு மேல ரோட்டப் பாரு. சக்கரம் தானா கண்ணுல படும்.” தனியாக ஓட்டிக்கொண்டே இருந்திருந்தால் இந்தப் பாடம் எனக்குக் கிடைத்திருக்காது. ‘ஹோல்’ (பள்ளம்), ‘கார் பேக்’ (பின்னால் கார்) என்று குரல் கொடுப்பது, முதுகுக்குப் பின்னால் கையை அசைத்து ஓரத்தில் நிற்கும் ஆட்டோவைக் காட்டுவது, பெடல் போடுவதை நிறுத்தாமல் மெல்ல வேகம் குறைப்பது எல்லாமே கூட்டத்தில் கற்றவை. புதிதாக ரோடு சைக்கிள் வாங்கியவர்கள் முதல் ஆறு மாதமாவது ஒழுங்கான ஒரு குழுவோடு போகவேண்டும் என்பேன். ஒழுங்கானது என்றால், கடைசி ஆளுக்காக நிற்கிற குழு. ‘இன்றைக்கு 25 தான்’ என்று சொல்லிக் கிளம்பி, உத்தண்டி வருவதற்குள் ஆளாளுக்குப் போட்டியில் 34-ஐத் தொடுகிற குழுவிலிருந்து தயங்காமல் விலகுங்கள்.

என் தங்கையும் ஓட்டுகிறாள். விடிவதற்கு முன் தனியாகக் கிளம்ப இந்தச் சாலை அவளுக்கு இடம் கொடுப்பதில்லை. வெயில் ஏறுவதற்குள் திரும்ப வேண்டுமானால் இருட்டில் கிளம்பித்தான் ஆகவேண்டும். தனியாக ஓட்டும் சுதந்திரத்தைப் பற்றி நான் எழுதும்போதெல்லாம் இது என் நினைவில் இருக்கிறது.

சரி, மலைக்கு வாருங்கள். ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும் வேகம் 9 அல்லது 10 கிலோமீட்டர். அந்த வேகத்தில் காற்று ஒரு பொருட்டே இல்லை. உங்கள் எடையும் வண்டியின் எடையும்தான் கணக்கு. ஆகவே யார் பின்னால் ஒட்டிக்கொண்டாலும் பயன் இல்லை. மாறாக, 58 கிலோ ஆளின் தாளத்துக்கு 80 கிலோ ஆள் மிதித்தால் ஐந்தாவது வளைவிலேயே மூச்சு முட்டும். என் நல்ல ஏற்றங்கள் எல்லாம் தனியாக ஏறியவைதான். இரண்டு மிதிக்கு ஒரு மூச்சு என்று தாளம் கட்டிவிட்டால், வளைவின் உட்புறம் செங்குத்தாக இருப்பதும் வெளிப்புறம் கொஞ்சம் தளர்வதும் காலுக்கே தெரிய ஆரம்பிக்கும். பக்கத்தில் ஒருவர் பேசிக்கொண்டு வந்தால் அந்தத் தாளம் காதில் விழாத பாட்டு மாதிரி நழுவிவிடும்.

இந்த வாதம் நம்மோடு தொடங்கியதில்லை. பிரான்சில் 1904-ல் ‘ஆடாக்ஸ்’ என்ற நெடுந்தூர ஓட்டம் உருவானது. அதில் எல்லோரும் ஒரே கூட்டமாக, தலைவர் வைக்கும் வேகத்தில் போகவேண்டும். அந்த வேகம் பின்னாளில் மணிக்கு 22.5 கிலோமீட்டர் என்று நிலைத்தது. யாரும் முந்தக்கூடாது. 1921-ல் பாரிஸ் ஆடாக்ஸ் கழகம் இன்னொரு வழியைத் திறந்தது: அவரவர் வேகத்தில் ஓட்டலாம், நேர வரம்புக்குள் வந்தால் போதும். இன்றைக்கு நம் ஊரில் ‘பிரவே’ என்று 200, 300, 400, 600 கிலோமீட்டர் ஓட்டுகிறார்களே, அது இந்த இரண்டாவது வழியின் வாரிசு. 200-க்கு 13 மணி 30 நிமிடம், 600-க்கு 40 மணி நேரம். நூறு வருடமாக இரண்டு வழியும் அழியாமல் இருக்கின்றன. தனிவழியை எடுத்துக்கொண்ட பிரவேயில்கூட, இரவு இரண்டு மணிக்கு நெடுஞ்சாலையில் பார்த்தால் சிவப்பு விளக்குகள் இரண்டிரண்டாக, மூன்றுமூன்றாகத்தான் போகும். தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது பேச ஆள் வேண்டும்.

தனியாகப் போனால் பஞ்சர் முழுக்க உங்கள் பொறுப்பு. கேளம்பாக்கம் பக்கம் ஒருமுறை என்னிடமிருந்த ஒரே ட்யூபும் போனது. கண்ணில்பட்ட பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடைக்காரர் ஒட்டு நேர்த்தியாகப் போட்டார். காற்றடிக்கும்போதுதான் சிக்கல். “சார், இந்த வால்வு நம்ம மெஷின்ல நிக்காதே” என்றார். மெலிந்த பிரெஸ்டா வால்வு. அவரிடம் இருந்தது பைக்குக்கான குழல். கட்டை விரல் நுனி அளவுள்ள பித்தளை அடாப்டர் ஒன்று என்னிடம் இருந்திருந்தால் போதும். அன்றைக்கு ஷேர் ஆட்டோவின் பின்னால் வண்டியைக் கட்டி வந்தேன். இப்போது அந்த அடாப்டர் வால்விலேயே திருகியிருக்கிறது. பையில் இரண்டு ட்யூப், ஒட்டு, கைப்பம்ப். கூட்டத்தில் இதில் பாதியை அடுத்தவர் பையை நம்பி விட்டுவிடத் தோன்றும். எல்லோரும் அப்படியே நினைத்து வந்த நாளும் உண்டு.

இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் தனியாக ஓட்டுவதையே எடுத்துக்கொள்வேன். வாரநாட்களில் விடிகாலையில் 25 கிலோமீட்டர் போய்வருகிறேன். கால் இன்று எப்படி இருக்கிறது, ராத்திரி சரியாகத் தூங்கினேனா, மனசில் என்ன உறுத்துகிறது என்பதெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். கூட்டத்தில் முன்சக்கரத்துக்குக் கொடுக்கும் கவனத்தில் இது எதுவும் கேட்காது.

ஆனால் ஐப்பசி தொடங்கிப் பொங்கல் வரை ஒரு விதி வைத்திருக்கிறேன். தனியாகக் கிளம்பினால் முட்டுக்காடு பாலத்துக்கு இந்தப் பக்கமே திரும்பிவிடுவேன். பாலத்தைத் தாண்டுகிற நாளில் என்னோடு குறைந்தது மூன்று பேர் இருப்பார்கள். திரும்பும்போது வடக்கே பார்த்து முதலில் இழுப்பவர் யார் என்பதை, மாமல்லபுரத்தில் காபி ஆறுவதற்குள் பேசி முடித்துவிடுவோம்.