டிஜிட்டல் வெல்பீயிங்: கணக்கு பலே, பூட்டு சுமார்

எந்த ஆப்பில் எவ்வளவு நேரம் போகிறது என்று கணக்குக் காட்டி, வேண்டுமானால் வரம்பும் போடும் வசதி இது; ஆண்ட்ராய்டு 9-உடன் 2018-இல் வந்தது. காசு கிடையாது, பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸுக்குள்ளேயே இருக்கிறது. பலரும் நேர வரம்பு போடத்தான் இதைத் திறக்கிறார்கள். இதில் மட்டமான பாகமே அதுதான். வரம்பு தீர்ந்ததும் ஐகான் சாம்பல் நிறமாகும், நள்ளிரவில் சரியாகிவிடும். நடுவில் ஆசை வந்தால் வரம்பையே நீக்கிவிடலாம், பாஸ்வேர்ட் கேட்காது.

சிலருக்கு இது கெடுதலாகவும் முடியும். 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம் சிறுவயதிலேயே ஊறிப்போனவர், தான் போட்ட வரம்பைத் தானே மீறியதும் அதையும் அந்த எண்ணத்துக்குச் சாட்சியாகச் சேர்த்துக்கொள்வார். அந்தக் கசப்பை மறக்க மறுபடி ரீல்ஸ். இப்படி வேரோடிய எண்ணங்களைத்தான் ஸ்கீமா என்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி யங் 18 வகை சொல்கிறார். அவை கிளறப்படும்போது மனம் தப்பி ஓடப் பார்க்கும். கைக்கெட்டும் தூரத்தில் போன்.

ஆனால் டாஷ்போர்டு, அதாவது கணக்கைக் காட்டும் பக்கம், அருமை. முதல் வாரம் வரம்பே போடாதீர்கள். மொத்த மணிநேரத்தை விட்டுவிட்டு, எத்தனை அன்லாக், எந்த ஆப் எந்த நேரத்தில் என்று பாருங்கள். அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, மனதில் என்ன ஓடியது என்று ஒரு வரி நோட்டில் எழுதுங்கள். ஆப் அதைச் செய்து தராது.

அன்லாக் ஏராளம், ஒவ்வொன்றும் சில நொடி, எல்லாம் வாட்ஸ்அப் என்றால் 'விட்டுப் போய்விடுவார்களோ' என்ற பயம் இருக்கலாம். இவருக்கு நேர வரம்பு பதற்றத்தைத்தான் கூட்டும். நீல டிக்கையும் லாஸ்ட் சீனையும் அணைப்பது மேல் (குரூப்பில் நீல டிக் அணையாது). வேலை சலித்ததும் ஆப் தாவுகிறவரின் சிக்கல் வேறு, தன்னடக்கக் குறைவு. அவருக்கு ஐபோனின் ஸ்கிரீன் டைம் பொருந்தும்: 'பிளாக் அட் எண்ட் ஆஃப் லிமிட்'டை ஆன் செய்து, பாஸ்கோடை வீட்டில் வேறொருவர் போட வேண்டும். டிஜிட்டல் வெல்பீயிங்கின் பெட்டைம் மோடில் திரை கறுப்பு வெள்ளையாகும். தூங்கப் போகும்போது உதவலாம், அவ்வளவே.

டாஷ்போர்டுக்கு 5-க்கு 4, டைமருக்கு 1.

இதெல்லாம் ஊகம்தான். எந்த ஸ்கீமா என்று உளவியலாளர்தான் சொல்ல முடியும். தூக்கமோ வேலையோ கெட்டிருந்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மனஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும் உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் போன் பழக்கத்துக்கென்றே ஷட் கிளினிக் இருக்கிறது. போகும்போது ஸ்கிரீன்ஷாட்டோடு அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள்.