அந்த டாக்டர் எழுதும் மாத்திரை அந்த வாசலில் மட்டும் கிடைக்கிறதா? உஷார்

அம்மாவின் மூட்டுவலிக்காக நாலு மாதம் ஒரு கிளினிக்குக்குப் போய்வந்தோம். ஊர், பெயர் எதுவும் போடப் போவதில்லை, இன்பாக்ஸில் வந்து கேட்கவும் வேண்டாம். இதே மாதிரி ஒன்று உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலும் இருக்கும்.

எப்போது போனாலும் கூட்டம். டாக்டர் எரிந்து விழுகிறவர் இல்லை. "என்னம்மா, படி ஏற முடியுதா?" என்று பொறுமையாகக் கேட்பார். ஃபீஸ் 200 ரூபாய்தான், அதனாலேயே எங்களுக்குச் சந்தேகம் வரவில்லை. சீட்டில் ஐந்து ஐட்டம் இருக்கும். கதவைத் திறந்து வெளியே வந்தால் இடது பக்கம் மெடிக்கல். நாம் சீட்டை நீட்டுவதற்குள் பையன் அட்டைகளை எடுத்து வைத்திருப்பான். மாதம் 2,860 ரூபாய். பில் கேட்டால் ஒரு துண்டுத்தாளில் மொத்தத் தொகையை மட்டும் கிறுக்கித் தருவான்.

தீபாவளிக்கு கிளினிக்கை நாலு நாள் மூடிவிட்டார்கள். அம்மாவுக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது. காலி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஆறு மெடிக்கல் ஏறி இறங்கினேன். ஒருவரும் அந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை. கடைசியில் எங்கள் தெருமுனைக் கடை அண்ணன் வாங்கிப் பார்த்தார். முன்பக்கம் பார்க்கவில்லை, நேராகப் பின்பக்கம் திருப்பினார், சிரித்தார்.

"தம்பி, இது அந்த கிளினிக்குக்குன்னே பேர் வெச்சு அடிச்ச அட்டை. வெளியே எங்க தேடினாலும் கிடைக்காது. உள்ளே இருக்கிறது என்னவோ எல்லாக் கடையிலயும் இருக்கிற மருந்துதான்."

பொடி எழுத்தில் இருந்ததை அவர்தான் படித்துக் காட்டினார். ராபிபிரசோல் 20 மி.கி., டோம்பெரிடோன் 30 மி.கி. சாதாரண அசிடிட்டி கேப்ஸ்யூல். தயாரித்தது இமாச்சலப் பிரதேசத்தில் பத்தி என்ற ஊரில். விற்பது வேறு ஏதோ ஒரு கம்பெனி. பத்து கேப்ஸ்யூலுக்கு எங்களிடம் வாங்கியது 189 ரூபாய். அதே கலவை, அதே அளவு, மக்கள் மருந்தகத்தில் 30 ரூபாய்க்குள் முடிந்தது. (பெரிய கம்பெனி அட்டையும் ஒன்றும் மலிவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.)

தொழிலில் இதற்கு பி.சி.டி. (புரொபகாண்டா கம் டிஸ்ட்ரிபியூஷன், அதாவது விளம்பரமும் விநியோகமும் சேர்ந்தது) என்று பெயராம். பத்தி மாதிரி ஊர்களில் ஆர்டருக்கு மாத்திரை அடித்துத் தரும் ஆலைகள் ஏராளம். பெயரை நீங்கள் சொன்னால் போதும், அட்டையில் அச்சாகி வந்துவிடும். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கும் மருந்துக்கு தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவிலை வைத்திருக்கிறது. பட்டியலுக்கு வெளியே இருப்பவற்றுக்கு இருக்கும் கட்டுப்பாடு, வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் விலையை ஏற்றக் கூடாது என்பதுதான். முதல் நாளே எம்.ஆர்.பி.யை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் அது கட்டுப்படுத்தாது.

இதுவரைக்கும்கூட எனக்கு எரிச்சல்தான், கோபம் இல்லை. கோபம் வந்தது மூட்டு தேய்மானத்துக்கு என்று கொடுத்த டப்பாவைப் பார்த்தபோது. 60 மாத்திரை, 1,350 ரூபாய். மாதக் கணக்கில் கிட்டத்தட்ட பாதி இதற்கே போனது. அண்ணன் சொல்லித்தான் லேபிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். மருந்து லைசென்ஸ் எண்ணே அதில் இல்லை. பிஸ்கட் பாக்கெட்டில் இருக்குமே எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரை, 14 இலக்க எண், அதுதான் இருந்தது. அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல. சட்டப்படி போட்டே ஆக வேண்டிய வரி, போட்டிருக்கிறார்கள். உணவு வகையில் சேர்ந்துவிட்டதால் மருந்து விலைக் கட்டுப்பாடு இதன் பக்கமே வராது. சீட்டில் மட்டும் மருந்தோடு மருந்தாக, 'காலை 1, இரவு 1'.

பிரிக்காத டப்பா ஒன்று மிச்சமிருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனேன். பில் இருந்தால் எடுத்துக்கொள்வோம் என்றான் பையன். பில் தராதவன் கேட்கிறான்! உள்ளே போய் டாக்டரிடமே கேட்டேன். "ஜெனரிக்ல தரம் இருக்காதுப்பா, அம்மா உடம்பு முக்கியமா காசு முக்கியமா?" என்றார். (ஜெனரிக் என்றால் பிராண்டு பெயர் இல்லாமல் மருந்தின் சொந்தப் பெயரிலேயே விற்பது.)

தரத்தைப் பற்றிய பயம் பொய் என்று சொல்ல மாட்டேன். 2025-ல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் குழந்தைகள் செத்ததற்குக் காரணமான இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் செய்ததுதான். அதில் டை எத்திலீன் கிளைகால் என்ற நச்சு ரசாயனம் 48.6 சதவீதம் இருந்தது. ஆனால் அதுவும் பிராண்டு பெயரோடு, டாக்டர் சீட்டில் எழுதிப் போன மருந்துதானே? அட்டையில் ஒரு பெயரை அடித்துவிட்டால் தரம் வந்துவிடுமா என்ன. நம் மாநில மருத்துவப் பணிகள் கழகம் மூன்று பத்தாண்டுகளாக மருந்துகளை ஜெனரிக் பெயரில் டெண்டர் போட்டு வாங்கி, ஆய்வகத்தில் சோதித்துத்தான் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது.

டாக்டர் தன் நோயாளிக்குத் தானே மருந்து விற்கக் கூடாது என்று சட்டம் இல்லை. 2002 மருத்துவ ஒழுங்கு விதிகள் அதை அனுமதிக்கின்றன, ஆனால் நோயாளியைச் சுரண்டக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஜெனரிக் பெயரில் எழுத வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் இதையே கறாராக்கிப் புது விதி கொண்டுவந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதத்திலேயே நிறுத்தி வைத்துவிட்டார்கள். மருந்து கம்பெனிகளிடம் டாக்டர்கள் பரிசு வாங்கக் கூடாது என்ற தடை 2009-ல் இருந்தே உண்டு. அப்புறமும் என்ன நடந்தது? சென்னையைச் சேர்ந்த ஒரு மருந்து கம்பெனி, ஒரு வைட்டமின் மாத்திரையைத் தள்ளுவதற்கு டாக்டர்களுக்குத் தங்கக் காசு, எல்.சி.டி. டி.வி., ஃபிரிட்ஜ் எல்லாம் கொடுத்துவிட்டு, அதை வியாபாரச் செலவு என்று வருமான வரியில் கழிக்கக் கேட்டது. உச்ச நீதிமன்றம் வரை போய் 2022 பிப்ரவரியில்தான் முடியாது என்று தீர்ப்பானது. அந்தச் செலவு கடைசியில் மருந்து விலையில்தான் ஏறுகிறது என்று நீதிபதிகளே எழுதியிருக்கிறார்கள்.

அம்மாவை அப்புறம் அரசு ஆஸ்பத்திரி எலும்பு டாக்டரிடம் காட்டினோம். எக்ஸ்ரே பார்த்தார், தொடைக்கும் முட்டிக்கும் பயிற்சி சொல்லிக் கொடுத்தார், வலி தாங்காத நாளுக்கு மட்டும் பாராசிட்டமால். டப்பா வேண்டியதில்லை என்றார். நீங்களும் இதைப் படித்துவிட்டு சுகர், பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், இன்னொரு டாக்டரிடம் காட்டிவிட்டு மாற்றுங்கள். காசு கொடுப்பதற்கு முன் அட்டையின் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வேறு மெடிக்கலில் காட்டிப் பாருங்கள். டப்பா என்றால் மருந்து லைசென்ஸ் எண் இருக்கிறதா என்று தேடுங்கள். உச்சவிலை பார்க்க 'பார்மா சாஹி தாம்' என்று அரசு செயலியே இருக்கிறது. பேட்ச் எண், காலாவதித் தேதியோடு பில் வாங்காமல் நகராதீர்கள். நான் கோட்டைவிட்டது அங்கேதான்.

மருந்து கட்டுப்பாட்டுத் துறைக்குப் புகார் எழுதி, அந்தத் துண்டுத்தாள்கள் நாலையும் ஜெராக்ஸ் எடுத்து வைத்து அனுப்பியிருக்கிறேன். பிரிக்காத டப்பா அலமாரியில் அப்படியே இருக்கிறது, சாட்சிக்கு ஆகும் என்று அம்மா தொடவிடுவதில்லை. பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.