பெட்ரோலா, பேட்டரியா? கோல்ஃப் வண்டி வாங்குமுன் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவில் 'கேஸ் கார்ட்' என்று சொல்வது பெட்ரோல் வண்டியைத்தான். சிலிண்டர் கேஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஜார்ஜியா மாநிலத்தின் பீச்ட்ரீ சிட்டியில் கோல்ஃப் வண்டியும் போகும்படி 160 கிலோமீட்டருக்கு மேல் பாதை போட்டிருக்கிறார்கள். கடைக்கும் பள்ளிக்கும் அதிலேயே போய் வரலாம். இப்படிப்பட்ட ஊர்களில் வீடு வாங்கியவர்களுக்கு அடுத்து வருவது, பெட்ரோல் வண்டியா பேட்டரி வண்டியா என்ற கேள்வி.

வேகத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். கோல்ஃப் மைதானத்துக்கென்று தயாராகும் வண்டி எதுவானாலும் சமதரையில் மணிக்கு சுமார் 24 கி.மீ.தான் ஓடும். அங்குள்ள தயாரிப்புத் தரநிலை அப்படி. எரிபொருள் செலவும் பெரிய விஷயமில்லை. பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்ய ஆறேழு யூனிட் மின்சாரம், அதாவது சுமார் ஒரு டாலர். பெட்ரோலுக்கு அதைவிடக் கூடுதலாகும்தான், ஆனால் வாரத்துக்கு முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு அந்த வித்தியாசம் கையைக் கடிக்காது.

பார்க்க வேண்டியது வேறு. கோல்ஃப் வண்டி ஓடும் நேரத்தைவிட சும்மா நிற்கும் நேரம்தான் அதிகம். இரண்டு வகையும் கெட்டுப்போவது பெரும்பாலும் அப்படி நிற்கும்போதுதான். நீங்கள் வண்டியை எப்படி நிறுத்தி வைப்பீர்கள் என்பதைப் பொறுத்தே எது உங்களுக்கு ஏற்றது என்று சொல்ல முடியும்.

பேட்டரி வண்டி: ஈய-அமிலம்

இருக்கையைத் தூக்கினால் பேட்டரிகள் வரிசையாக இருக்கும். பழைய 36 வோல்ட் வண்டியில் 6 வோல்ட் பேட்டரி ஆறு. 48 வோல்ட் வண்டியில் 8 வோல்ட் ஆறு, அல்லது 12 வோல்ட் நான்கு. 8 வோல்ட் பேட்டரி ஒன்று ஏறக்குறைய 28 கிலோ, ஆறும் சேர்ந்தால் 170 கிலோ. ஊரில் இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிப் பழகியவருக்கு இந்தப் பராமரிப்பு புதிதில்லை.

மாதம் ஒருமுறை மூடிகளைத் திறந்து பாருங்கள். தண்ணீரைச் சார்ஜ் முடிந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். சார்ஜ் ஆகும்போது அமிலம் விரிந்து மேலே வரும். முன்பே நிரப்பி வைத்தால் அது வழிந்து கீழே உள்ள இரும்புத் தட்டையும் சட்டத்தையும் அரித்துவிடும். தகடுகள் வெளியே தெரிந்தால் மட்டும் அவை மூழ்கும் அளவுக்குக் கொஞ்சம் ஊற்றி, சார்ஜ் போட்டு, பிறகு மீதியை நிரப்புங்கள். உள்ளே இறங்கும் குழாயின் அடிவிளிம்புக்கு 3 மில்லிமீட்டர் கீழே நிறுத்திவிட வேண்டும். டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே, அமிலம் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. வழிந்துவிட்டால் நான்கு லிட்டர் தண்ணீரில் ஒரு கப் சமையல் சோடா கலந்து கழுவுங்கள். அது பேட்டரிக்குள் போகாதபடி மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும்.

இந்த வண்டியின் எமன் சல்பேட். பாதி இறங்கிய பேட்டரியை இரண்டு மூன்று வாரம் அப்படியே விட்டால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எத்தனை மணி நேரம் சார்ஜ் போட்டாலும் பழைய தூரம் வராது. மூன்று கிலோமீட்டர்தான் ஓட்டினோம் என்று விடாமல், வந்ததும் சார்ஜரில் மாட்டிவிட வேண்டும். பனி கொட்டும் மாநிலங்களில் இது இன்னும் முக்கியம். முழுச் சார்ஜில் உள்ள பேட்டரி கடும் குளிரையும் தாங்கும். இறங்கிப்போனது பூஜ்யத்துக்குக் கீழே ஏழெட்டு டிகிரியிலேயே உறைந்து வெடிப்பு விடலாம்.

தரம் பார்க்க இரண்டு கருவி போதும். சார்ஜரிலிருந்து எடுத்து ஆறு மணி நேரம் கழித்து வோல்ட்மீட்டர் வைத்தால் 48 வோல்ட் தொகுப்பு 50.9 வோல்ட் காட்ட வேண்டும். 48.4 பக்கம் வந்தால் பாதி காலி. அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் நல்ல செல் (பேட்டரியின் ஓர் அறை) 1.265 முதல் 1.280 வரை காட்டும். செல்லுக்குச் செல் 0.050 வித்தியாசம் இருந்தால் குறைந்த அளவு காட்டுவது போய்விட்டது என்று கொள்ளலாம். இதிலும் சந்தேகம் தீராவிட்டால் மேட்டில் ஏறும்போது ஒவ்வொரு பேட்டரியாக அளக்கச் சொல்லுங்கள். 8 வோல்ட் பேட்டரிகளில் மற்றவை 7.8 வோல்ட்டில் நிற்க, ஒன்று மட்டும் 7-க்குக் கீழே சரிந்தால் வண்டியை இழுத்துப் பிடிப்பது அதுதான்.

பெடலை மிதித்தால் 'கிளிக்' என்று சத்தம் வருகிறது, வண்டி நகரவில்லை என்பது அடிக்கடி கேட்கும் புகார். மோட்டார் போய்விட்டது என்று பயந்துவிட வேண்டாம். பின் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, பெடலை மிதித்ததும் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சான சொலினாய்டின் இரண்டு பெரிய முனைகளில் மீட்டர் வையுங்கள். கிளிக் கேட்டதும் அளவு பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். முழு வோல்ட்டும் அப்படியே நின்றால் உள்ளே தொடுமுனை கருகியிருக்கிறது, சொலினாய்டை மாற்றினால் சரியாகிவிடும். கிளிக் சத்தமே வரவில்லையென்றால் சாவி சுவிட்சையும் பெடலின் மைக்ரோ சுவிட்சையும் பாருங்கள். பேட்டரி வயரைக் கழற்றுமுன் 'டோ' (கட்டி இழுப்பதற்கான) சுவிட்ச் இருக்கும் வண்டியில் அதை 'டோ' நிலைக்குத் தட்டிவிட மறக்காதீர்கள்.

சார்ஜர் உயிரே பெறவில்லை என்றாலும் உடனே புதிது வாங்க ஓட வேண்டாம். பேட்டரி ஒரேயடியாக இறங்கிப்போனால் பல சார்ஜர்கள் அதை அடையாளம் காணாது. ஒவ்வொரு பேட்டரியையும் அதன் வோல்ட்டுக்கு ஏற்ற சிறிய சார்ஜரில் தனித்தனியே கொஞ்சம் ஏற்றிய பிறகு மாட்டிப் பாருங்கள்.

லித்தியம் வந்த பிறகு

16 செல் கொண்ட 51.2 வோல்ட், 105 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பெட்டி ஐம்பது கிலோவை ஒட்டித்தான் இருக்கும். வண்டி 120 கிலோ இளைத்துவிடும். தண்ணீர் வேலை கிடையாது. பாதிச் சார்ஜில் மாதக்கணக்கில் நின்றாலும் கெடாது. ஈய-அமிலத்தின் பெரிய பலவீனமே இதில் இல்லாமல் போகிறது. மறதிக்காரருக்கு வேறு யோசனையே வேண்டாம்.

ஆனால் மாற்றும்போது மூன்று விஷயம். பழைய சார்ஜர் உதவாது. பழைய பேட்டரி அளவுகாட்டியும் தப்பாகவே காட்டும், ஏனென்றால் லித்தியத்தின் வோல்ட் கடைசிவரை அதிகம் இறங்காது. மூன்றாவதுதான் பலரைக் காலை வாருகிறது. பேட்டரியைக் காக்கும் பி.எம்.எஸ். பலகை எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று கேட்காமல் வாங்கிவிடுகிறார்கள். நான்கு பேரோடு செங்குத்தான மேட்டில் ஏறும்போது, மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலர் 300 ஆம்பியருக்கு மேலும் கேட்கலாம். பலகை அதற்கு ஒப்பாவிட்டால் வண்டி பாதி மேட்டில் சட்டென்று நின்றுவிடும். தொடர் ஆம்பியர், உச்ச ஆம்பியர் இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். பூஜ்ய டிகிரிக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்யக் கூடாது என்பதையும் குளிர்ப் பகுதிக்காரர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

பெட்ரோல் வண்டி

பொதுவாக ஒரு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக், 300 முதல் 400 சிசி. ஜார்ஜியாவின் நியூனன் ஊரில் தயாராகும் யமஹாவில் 357 சிசி. கியர் இல்லாத ஸ்கூட்டரில் இருப்பது போன்ற பெல்ட்தான் இதிலும் சக்தியைக் கடத்துகிறது. பெடலை மிதித்தால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், விட்டால் அணைந்துவிடும். ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் ஒரே உருளை. அதன் பெல்ட் தளர்ந்தால் ஸ்டார்ட்டும் திணறும், 12 வோல்ட் பேட்டரியும் ஏறாது. அந்தப் பேட்டரி செத்தால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான், தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது.

இதன் பலம் தூரம். 20 லிட்டர் அளவுக்கு டேங்க். இரண்டு நிமிடத்தில் நிரப்பிவிட்டு நாள் முழுக்க ஓட்டலாம். பண்ணை, வேட்டைக்காடு, பிளக் பாயின்ட் இல்லாத நிறுத்துமிடம் என்றால் பெட்ரோலுக்கு ஈடில்லை.

பலவீனம், மறுபடியும் நிற்பதில்தான். அங்கு பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் சாதாரணமாக 10 சதவீதம் எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை உறிஞ்சும். இரண்டு மாதம் நின்றால், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் ஆவியாகி, பிசின் போல ஒன்று மிஞ்சி ஜெட்டை (பெட்ரோல் போகும் சிறு துளையுள்ள திருகை) அடைக்கும். ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் முடி நுழையும் அளவு துளை வட்டமாகத் தெரிய வேண்டும். மங்கலாகவோ பிறை போலவோ தெரிந்தால் அடைப்பு. சோக் போட்டால் மட்டும் ஓடுவது, மேட்டில் திக்குவது எல்லாம் இதன் அறிகுறி. கார்புரேட்டர் கிளீனர் அடித்து, காற்று ஊதிச் சுத்தம் செய்யலாம். கம்பியை விட்டுக் குடையாதீர்கள், துளை பெரிதாகிவிட்டால் கலவை கெட்டுவிடும்.

நிறுத்தி வைக்குமுன் பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றி, அது கார்புரேட்டர்வரை போய்ச் சேரப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். அல்லது பெட்ரோல் வால்வை மூடிவிட்டு எஞ்சின் தானாக அணையும்வரை ஓட விடுங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைத் தெளிக்கும் முனை இருக்கும். கிண்ணம் இல்லாததால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைவு. விலை கூடுதலானாலும் அதையே வாங்குங்கள் என்பேன்.

ஆயில் ஒரு லிட்டர் அளவு, பெரும்பாலும் 10டபிள்யூ-30. ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். கூடுதலாக ஊற்றினால் ஆயில் ஏர் ஃபில்டருக்குள் ஏறி வெள்ளைப் புகை வரும். மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓட விடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும்.

மேடு பள்ளமும் விதிகளும்

மேட்டுக்குப் பெட்ரோல்தான் என்பது பழைய பேச்சு. லித்தியமும் ஏசி (மாறுதிசை மின்) மோட்டாரும் உள்ள வண்டி அதே மேட்டை முனகாமல் ஏறும். இறக்கத்தில் அது ஒரு படி மேலே. மோட்டாரே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடாகாது. சில குடியிருப்புச் சங்கங்கள் பெட்ரோல் வண்டியை அனுமதிப்பதில்லை, விதிகளை முதலில் வாங்கிப் படியுங்கள்.

தினமும் குறைந்த தூரம், கராஜில் பிளக் பாயின்ட் உண்டு என்றால் லித்தியம். பணம் இடித்தால், தண்ணீரும் சார்ஜும் தவறாமல் பார்ப்பவர் ஈய-அமிலம் வாங்கலாம். நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை ஆயிரம் டாலரை ஒட்டிப் புதுத் தொகுப்புக்கு எடுத்து வைக்க வேண்டும். நீண்ட தூரம் ஓட்டுபவருக்கு இன்ஜெக்‌ஷன் பெட்ரோல். மாதம் ஒருமுறை மட்டும் எடுப்பவர் கார்புரேட்டர் வண்டியின் பக்கமே போக வேண்டாம்.

பழைய வண்டி என்றால் பேட்டரி முனையில் குத்தியிருக்கும் எழுத்தையும் எண்ணையும் பாருங்கள். பெரும்பாலும் எழுத்து மாதம், எண் ஆண்டின் கடைசி இலக்கம். 'ஏ' என்றால் ஜனவரி, 'எல்' என்றால் டிசம்பர். சட்டத்துக்கு அடியில் கையால் தடவி அரிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கிளப் கார் வண்டிகளில் சட்டம் அலுமினியம், அந்தக் கவலை குறைவு. பெட்ரோல் வண்டியைப் பார்க்கப் போகுமுன், நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லி வையுங்கள். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடான எஞ்சினில் ஸ்டார்ட் கோளாறு தெரியாது. சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.