கூர்க்கா போலீஸ் குக்குரி என்று சொல்லி 480 வெள்ளியைப் பறித்துவிட்டான்: எச்சரிக்கை

ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். சிங்கப்பூர்க் காவல்துறையில் நேப்பாளிகள் பணியாற்றும் கூர்க்கா பிரிவுக்கு வழங்கப்பட்ட குக்குரி (வளைந்த நேப்பாளக் கத்தி) என்று சொல்லி யாராவது விற்க வந்தால், உடனே பணத்தை நீட்டாதீர்கள்.

சுங்கை ரோடு சந்தையை 2017இல் மூடியபிறகு எங்களைப் போன்ற பழம்பொருள் பிரியர்கள் பலருக்குக் கைப்பேசிச் செயலிகள்தான் சந்தை. அப்படி ஒன்றில்தான் அந்தக் குக்குரி வந்தது. தோலுறை, கர்தா என்ற சிறு கத்தி, சக்மக் என்ற மொட்டையான தீட்டுகருவி, அலகில் '1949' என்ற முத்திரை. விலை 480 வெள்ளி.

விற்றவன் தமிழன். தொலைபேசியில் பேசினான். "அண்ணே, அப்பா மவுண்ட் வெர்னன் கூர்க்கா முகாமில் சமையல் வேலை பார்த்தார். ஓய்வுபெற்ற கூர்க்கா கார்ப்பரல் ஒருவர் தம் கையாலேயே அவருக்குக் கொடுத்தது. அந்தப் பெரியவர் இன்றும் இங்கே சிங்கப்பூரில், ஈசூனில்தான் இருக்கிறார். அப்பா போனபிறகு இதை வீட்டில் வைத்திருக்க அம்மாவுக்குப் பயம். மதிப்புத் தெரிந்தவர் கைக்குப் போனால் அப்பா ஆத்மா சாந்தியடையும்" என்றான். செத்துப்போன தகப்பனை முன்னால் நிறுத்திப் பேசுகிறவனிடம் யார் பேரம் பேசுவார்கள்? கைப்பேசி வழியாக வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பும் பேநவ்வில் (PayNow) 480 வெள்ளி போட்டேன். புளோக்கின் கீழ்த்தளத்தில், செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்து ஈரத்துணியால் பிடியைத் துடைத்தேன். துணியெல்லாம் பழுப்புச் சாயம். பூதக்கண்ணாடி வைத்து முத்திரையைப் பார்த்தேன். அலகு முழுக்கத் துருப்பள்ளங்கள், கருத்துப் போயிருந்தன. அந்தப் பள்ளங்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் எண்களின் உட்புறமோ பளபளவென்று மின்னியது. துரு முதலில், முத்திரை பிறகு! எழுபது ஆண்டுக்கு முன் குத்தியது என்றால் அதுவும் சேர்ந்தல்லவா துருப்பிடித்திருக்க வேண்டும்? 1949 அந்தப் பிரிவு தொடங்கப்பட்ட ஆண்டு, யார் தேடினாலும் கிடைக்கும். அதைவிடப் பெரிய பொய் ஈசூன் பெரியவர். ஓய்வுபெற்றதும் கூர்க்கா காவலர்கள் குடும்பத்தோடு நேப்பாளம் திரும்பிவிட வேண்டும் என்பதுதான் விதி.

கேட்டால், "அப்பா சொன்னதைத்தான் சொன்னேன், அண்ணே" என்றான். மறுபடி கேட்டபோது "பொருளைப் பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்றான். 'அண்ணே' அத்தோடு போய்விட்டது. அப்புறம் என் எண்ணையே முடக்கிவிட்டான். செயலிக்காரர்களுக்கு எழுதினால், பணம் எங்கள் வழியாகப் போகவில்லை, நாங்கள் தலையிட முடியாது என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். வழக்குப் போடலாம் என்றால் அவனுடைய முழுப்பெயரும் முகவரியும் வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு புனைபெயர். 480 வெள்ளி, ஒரு மாதத்துக்கு வீட்டுச் சாமான் வாங்கும் காசு!

எப்படிச் சரிபார்ப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், மனம் ஓடவில்லை. முத்திரையின் உட்புறத்தைப் பெரிதாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கதையை நம்பாதீர்கள், எழுத்துபூர்வமான சான்று என்ன இருக்கிறது என்று கேளுங்கள். செயலிக்கு வெளியே பணம் போடாதீர்கள். சந்தேகம் வந்தால் மோசடி உதவி எண் 1799க்கு அழையுங்கள். இன்று காலை வேறொரு பெயரில், நீலப் பூப்போட்ட மேசைவிரிப்பில் வைத்து எடுத்த படத்தோடு, அதே '1949' முத்திரையில் இன்னொரு குக்குரி விற்பனைக்கு வந்திருக்கிறது. விலை 520 வெள்ளி. அதைத் தொடாதீர்கள்.