ரிலே 'டிக்'கென்று கேட்டதும் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்: பழைய கார் ஹெட்லைட் வயரிங்கில் நடக்கும் ஏமாற்று

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பழைய அம்பாசிடரோ பத்மினியோ வைத்திருப்பவர்கள், ஹெட்லைட்டுக்கு ரிலே (சுவிட்சிலிருந்து சிறு கரண்ட் வந்ததும், விளக்குக்கு பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் விடும் சிறு பெட்டி) போடச் சொல்லி வண்டியைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். சென்னையிலோ வெளிநாட்டிலோ இருந்துகொண்டு, ஊர் வீட்டு ஷெட்டில் நிற்கும் வண்டியைக் கல்யாணத்துக்கும் கோயில் காரியத்துக்கும் மட்டும் எடுப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். அவர்களைக் குறிவைத்துத்தான் இது நடக்கிறது.

இப்படி மாட்டிய ஒரு வண்டி மார்க் 4 அம்பாசிடர், டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓட்டத்தில் கரண்ட் தரும் கருவி) மாற்றியது. 'ரிலே வயரிங், புது வயர், புது ஹோல்டர், புது பல்பு' என்று பேசி ஒரு ஆட்டோ எலக்ட்ரிக் கடையில் 7,800 ரூபாய் வாங்கினார்கள். ரசீதில் 'ஹெட்லைட் வயரிங்' என்று ஒரே வரி. சொந்தக்காரர் ஊரில் இல்லை. வீட்டைப் பார்த்துக்கொள்பவர்தான் வண்டியைக் கொண்டுபோய்விட்டார். சாயங்காலம் சுவரில் வெளிச்சம் அடிப்பதை வீடியோ எடுத்து அனுப்பினார்கள், பணம் போய்விட்டது. மூன்றாவது வாரம் பிள்ளையார்பட்டியிலிருந்து இரவு திரும்பும்போது, குன்றக்குடி தாண்டியதும் டேஷ்போர்டுக்குள்ளிருந்து கருகல் வாடை. அடுத்த நிமிடம் இரண்டு விளக்கும் ஒன்றாக அணைந்துவிட்டன. தெருவிளக்கு இல்லாத சாலை, உள்ளே வயதானவர்கள்.

கடையில் போய்க் கேட்டதற்கு வந்த பதில்: "சுவிட்ச் பழசுண்ணே, அதுக்கு நாங்க என்ன பண்றது? ரிலே டிக்குன்னு கேக்குதுல்ல?" சுவிட்ச் பழசு, அதில் முழுக் கரண்டையும் ஓட்டக் கூடாது என்பதற்காகத்தான் ரிலே போடுவதே.

கிரில்லைக் கழற்றிப் பார்த்தபோது முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. இரண்டு ரிலே, பேட்டரி பாசிடிவிலிருந்து ஒரு சிவப்பு வயர், அதில் ப்யூஸ் ஹோல்டர். அந்த ப்யூஸைப் பிடுங்கியும் விளக்கு எரிந்தது. சிவப்பு வயரைப் பிடித்துக்கொண்டே போனால், ரிலேக்குப் பக்கத்தில் டேப் சுற்றிய முண்டுக்குள் முனை வெட்டிக் கிடந்தது, எதிலும் சேரவில்லை. ரிலேயின் 30ஆம் பின்னுக்கு (விளக்குக்கான கரண்ட் உள்ளே வரும் இடம்) வந்தது, டிம் சுவிட்சிலிருந்து வரும் பழைய வயரேதான். 86ஆம் பின்னுக்கு (ரிலேயை இயக்கும் சிறு கரண்ட் வரும் இடம்) போன அதே வயரிலிருந்து இரண்டு அங்குலத் துண்டு வயரால் 30க்கு ஜம்பர் அடித்திருந்தார்கள். ரிலே டிக்கென்று அடிக்கும், விளக்கும் எரியும். ஆனால் விளக்குக்குப் போகும் கரண்ட் முழுவதும் முன்பு போலவே டேஷ்போர்டு சுவிட்ச், டிம் சுவிட்ச் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

சிவப்பு வயரின் மேலிருந்த கிரீஸைத் துடைத்தால் '1100 வோல்ட்', 'ஐஎஸ் 694' என்று அச்சு. 1 சதுர மில்லிமீட்டர் வீட்டு வயர். வீட்டுச் சுவருக்குள் குழாயில் போவதற்கு நல்ல வயர்தான், இன்ஜின் சூட்டுக்கும் ஆயிலுக்கும் உரியதல்ல. எர்த்துக்குப் போட்டிருந்ததை பிளேடால் சுரண்டினால் செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தது. செம்பு பூசிய அலுமினியம், மலிவு ஸ்பீக்கர் வயரில் வருவது. (ஈயம் பூசிய நல்ல செம்பு வயரில் இது தலைகீழாக இருக்கும்: வெளியே வெள்ளி, சுரண்டினால் சிவப்பு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

பிறகு எப்படி அன்று வெளிச்சம் கூடியது என்றால், பல்பால். 60/55 வாட் எச்4 பல்புக்குப் பதில் 100/90 வாட் பல்பை மாட்டிவிட்டார்கள் (முதல் எண் பிரைட், அடுத்தது டிம்). டிம்மில் இரண்டு பல்புக்கும் சேர்த்து 180 வாட், 12 வோல்ட்டுக்கு 15 ஆம்பியர். பழைய வட்ட விளக்கில் 45/40 வாட் பல்பு இருந்த காலத்தில் அதே சுவிட்சில் ஓடியது 7 ஆம்பியருக்கும் குறைவு. கரண்ட் இரண்டேகால் மடங்கு ஆனால், சுவிட்ச் கான்டாக்டில் சூடு ஐந்து மடங்கு ஆகும். அந்தச் சுவிட்ச் மூன்று வாரம் தாங்கியதே பெரிது.

இதில் பார்க்க வேண்டிய கணக்கு இன்னொன்று. ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜ் குறைவதைவிட மிக வேகமாகக் குறையும், ஏறக்குறைய வோல்ட்டேஜின் 3.4ஆம் அடுக்குப்படி. பத்து சதவீதம் வோல்ட் விழுந்தால் முப்பது சதவீதம் வெளிச்சம் போய்விடும். இந்த வண்டியில் சுவிட்சை மாற்றிவிட்டு, இன்ஜின் ஓட, டிம் எரிய அளந்தபோது பேட்டரியில் 14.1 வோல்ட், பல்பு பின்னில் 11.3. அதாவது 90 வாட் பல்பு, முழு 14.1 வோல்ட்டும் வந்திருந்தால் தரும் வெளிச்சத்தில் பாதியைக்கூடத் தரவில்லை. ஒழுங்காக வயர் இழுத்து 60/55 மாட்டியதும் பல்பில் 13.6 வோல்ட். சாதாரண 55 வாட் பல்பு அந்த 90 வாட்டைவிட ரோட்டில் அதிக வெளிச்சம் தந்தது. எதிரே வருபவர் கண்ணிலும் குத்தவில்லை. 'பெரிய பல்பு போடலாம்', 'எல்இடி போட்டுடலாம்' என்று யார் சொன்னாலும் முதலில் பல்பில் வரும் வோல்ட்டை அளக்கச் சொல்லுங்கள். ஹாலஜன் ரிப்ளக்டரில் மாட்டும் எல்இடி பல்பில் ஒளி வரும் இடம் பிலமென்ட் இருந்த இடத்தில் துல்லியமாக அமைவது அரிது. வெளிச்சம் சிதறும், எதிர் வண்டிக்காரருக்குக் கண் கூசும்.

அளப்பதிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. பல்பிலிருந்து ஹோல்டரைப் பிடுங்கி அதில் மீட்டரை வைத்து, "பாருங்கண்ணே, 12.6 முழுசா வருது" என்பார்கள். லோடு இல்லாமல் அளந்தால் துருப்பிடித்த ஒற்றை இழையிலும் முழு வோல்ட் காட்டும். பல்பு மாட்டி எரியும்போது, ஹோல்டரின் பின்பக்கம் பின்னைத் தொட்டுத்தான் அளக்க வேண்டும். இதைவிட நல்ல வழி, மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து ஒரு முனையை பேட்டரி பாசிடிவிலும் மறு முனையை எரிகிற பல்பின் பாசிடிவ் பின்னிலும் வைப்பது. வழியில் தொலைகிற வோல்ட் நேராகத் தெரியும். அடுத்து பல்பின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே. ஒவ்வொரு பக்கமும் 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல வேலை. 0.5ஐத் தாண்டினால் பணம் கொடுக்காதீர்கள்.

ஒழுங்கான வேலைக்கு என்னென்ன வேண்டும்? 30/40 ஆம்பியர் ரிலே இரண்டு, டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. பேட்டரி பாசிடிவிலிருந்தோ ஆல்டர்னேட்டர் அவுட்புட் போல்ட்டிலிருந்தோ 4 சதுர மில்லிமீட்டர் ஆட்டோ வயர். அது கிளம்பும் இடத்திலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இரண்டு பிளேடு ப்யூஸ், ஒவ்வொன்றும் 15 ஆம்பியர், நீல நிறம். 30 ஆம்பியர் பச்சை ப்யூஸைப் போட்டிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். ப்யூஸிலிருந்து ரிலேயின் 30. ரிலேயின் 87லிருந்து (கரண்ட் வெளியே போகும் பின்) இரண்டு விளக்குக்கும் தனித்தனியாக 2.5 சதுர மில்லிமீட்டர் வயர். வண்டியின் அகலத்துக்கு, எர்த்தையும் சேர்த்து 10 மீட்டர் வாங்கினால் தாராளம். 86க்கு பழைய டிம் அல்லது பிரைட் வயர், 85 எர்த். 85க்கும் 86க்கும் நடுவே ரிலேக்குள் இருக்கும் காயில் இழுப்பது 0.2 ஆம்பியருக்குள்தான் என்பதால் பழைய சுவிட்சுக்கு இனி பாரமே இல்லை. டயோடு உள்ள ரிலே என்றால் 85, 86ஐ மாற்றிப் போடக் கூடாது. ஹோல்டர் பீங்கானாக இருக்கட்டும். முறுக்கி டேப் சுற்றும் வேலை எங்கேயும் வேண்டாம். பின் வைத்துக் கிரிம்ப் அடித்து, மேலே ஹீட் ஸ்லீவ்.

லூகாஸ் (பிரிட்டிஷ் மின்கருவிக் கம்பெனி) முறை வயரிங்கில் நீலம்–வெள்ளை பிரைட், நீலம்–சிவப்பு டிம். இத்தனை வருடத்தில் எத்தனை கை பட்டதோ, நிறத்தை நம்பாமல் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

எர்த்தைப் பற்றி யாருமே கவலைப்படுவதில்லை. பாசிடிவ் பக்கம் எவ்வளவு தடித்த வயர் இழுத்தாலும், கரண்ட் திரும்பிப் போகும் வழி விளக்குக் கிண்ணத்தின் துருப்பிடித்த ஸ்க்ரூ என்றால் பாதி வேலை வீண். நம் பக்கத்துச் செம்மண் புழுதி விளக்குக் கிண்ணத்துக்குள் போய் அடைந்து, மழையில் நனைந்து, ஸ்க்ரூவைச் சுற்றிக் கட்டியாகிவிடும். இரண்டு விளக்கிலிருந்தும் 2.5 வயரை எடுத்து, பெயின்டைச் சுரண்டி வெறும் இரும்பு தெரியும் இடத்தில் வளைய லக் வைத்து முறுக்குங்கள், மேலே பெட்ரோலியம் ஜெல்லி. அந்த இடத்திலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு ஒரு தடித்த வயரும் போட்டால் இன்னும் நல்லது.

அம்மீட்டர் (பேட்டரி சார்ஜ் ஆகிறதா என்று முள்ளால் காட்டும் மீட்டர்) உள்ள வண்டியில் புது வயரை பேட்டரி முனையிலிருந்து எடுத்தால், விளக்குப் போட்டதும் முள் சார்ஜ் பக்கம் சாய்ந்தே நிற்கும். விளக்குக்கான கரண்ட் அம்மீட்டர் வழியாக பேட்டரி முனைக்கு வந்து போவதுதான் காரணம். ஆல்டர்னேட்டர் போல்ட்டிலிருந்து எடுத்தால் இது வராது. இதைக் காட்டி 'ரெகுலேட்டர் போச்சு' என்று இன்னொரு பில் போடப் பார்ப்பார்கள், ஏமாறாதீர்கள்.

ஆல்டர்னேட்டர் இல்லாமல் இன்னும் பழைய டைனமோ ஓடும் வண்டி என்றால் கூடுதல் கவனம். லூகாஸ் சி40 டைனமோவின் உச்சமே 22 ஆம்பியர், ஐட்லிங்கில் ஏறக்குறைய ஒன்றும் வராது. அதில் 100/90 பல்பு பேட்டரியைத் தின்றுவிடும். மிகப் பழைய வண்டிகளில் பாசிடிவ் எர்த்தும் (பேட்டரி பாசிடிவ் பாடியில் சேர்ந்திருப்பது) உண்டு, தொடும் முன் பேட்டரியைப் பாருங்கள். ஜிப்ஸி போன்ற ஜப்பானிய வழி வண்டிகளில் சுவிட்ச் நெகட்டிவ் பக்கத்தில் வருவது உண்டு. அங்கே மேலே சொன்ன கனெக்‌ஷன் அப்படியே பொருந்தாது.

இந்த வண்டியில் இன்னொன்றும் போயிருக்கிறது. பழைய லூகாஸ் விளக்குக் கண்ணாடி இரண்டும் கழற்றப்பட்டு, அதே ஏழு அங்குலத்தில் லேசான தகர ரிப்ளக்டர் மாட்டப்பட்டிருக்கிறது. கேட்டால் 'பழசு உடைஞ்சுபோச்சு' என்கிறார்கள். கதவும் தூணும் பீங்கானும் வீடு வீடாகக் கழன்று போன ஊர் இது, பழைய பொருளின் விலை எல்லாருக்கும் தெரியும். வண்டியை விடும் முன் விளக்கு, ரிம், ஹோல்டர், சுவிட்ச் எல்லாவற்றையும் எழுத்து தெரியக் கிட்டத்தில் போட்டோ எடுங்கள். கழற்றிய பொருள் உடைந்திருந்தாலும் பையில் போட்டுத் திரும்ப வர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நீங்கள் ஊரில் இல்லை என்றால், சுவர் வீடியோவை ஏற்காதீர்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவரை அனுப்பி, வெட்டாமல் ஒரே வீடியோவாக இவற்றைக் கேளுங்கள். இன்ஜின் ஓட, டிம் எரிய, பேட்டரியில் மீட்டர், அப்படியே பல்பு பின்னில் மீட்டர். அடுத்து டிம் ப்யூஸைப் பிடுங்கினால் இரண்டு டிம்மும் அணைய வேண்டும். பிரைட் ப்யூஸுக்கும் அப்படியே. ப்யூஸ் இல்லாமலும் எரிந்தால் புது வயர் வெறும் அலங்காரம். பல்பின் அடித்தகட்டில் '60/55' என்ற அச்சும் தெரியட்டும். பிறகு கால் மணி நேரம் பிரைட் எரியவிட்டு டேஷ்போர்டு சுவிட்சின் பின்புறத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ரிலே வெதுவெதுப்பாக இருக்கலாம், சுவிட்ச் சுடவே கூடாது.

வேலை முடிந்து வண்டியை மாதக்கணக்கில் ஷெட்டில் நிறுத்துவதானால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். புதிதாக இழுத்த பாசிடிவ் வயரில் எப்போதும் கரண்ட் நிற்கும், ப்யூஸுக்கு முன்னால் உள்ள அந்த ஒரு சாணை எலி கடித்து பாடியில் பட்டால் தடுக்க எதுவும் இல்லை. அந்தத் துண்டுக்கு மட்டுமாவது இரட்டை ஸ்லீவ் போடச் சொல்லுங்கள்.