மூன்று திருமணங்களுக்கு ஒரே வரவுசெலவுத் தாள்: ஆறு ஆண்டு அனுபவம்

அக்காவின் திருமணத்துக்காக கூகுள் ஷீட்ஸில் தொடங்கிய வரவுசெலவுத் தாளை, பின்னர் என் திருமணத்துக்கும் சென்ற ஆண்டு தம்பியின் திருமணத்துக்கும் பயன்படுத்தினோம். இந்த ஆறு ஆண்டுகளில் முதல் வடிவத்தின் பாதியை நீக்கிவிட்டேன். எஞ்சி நின்றவற்றைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

முதல் முறை, மொத்தத் தொகையை மண்டபம், உணவு, உடை, அலங்காரம், புகைப்படம் என விழுக்காடு போட்டுப் பிரித்தேன். விருந்தினர் எண்ணிக்கை ஏறத் தொடங்கியதும் அந்தப் பிரிவு பொருளற்றதாகிவிட்டது. 300 பேர் என்ற கணக்கு 360 ஆனபோது ஆள் கணக்கில் வரும் செலவுகள் 20 விழுக்காடு கூடின. புகைப்படக்காரரின் கட்டணமோ சிறிதும் மாறவில்லை. ஆகவே இரண்டாம் முறை, ஆள் கூடக் கூடக் கூடும் செலவுகள், எத்தனை பேர் வந்தாலும் மாறாத செலவுகள் என்று இரண்டாகப் பிரித்து, விருந்தினர் எண்ணிக்கையை ஒரே ஒரு கட்டத்தில் வைத்து, தொடர்புடைய வரிகள் அனைத்தும் அந்த எண்ணைக் கொண்டே பெருக்கிக்கொள்ளுமாறு சூத்திரம் எழுதினேன். அழைப்பிதழ் மட்டும் தலைக்கணக்கில் வராது, குடும்பக் கணக்கில் வரும் என்பதால் அதற்குத் தனிக் கட்டம் வேண்டும். அச்சகத்துக்கு எண்ணிக்கை சொன்ன பிறகுதான் இது எனக்கு உறைத்தது. "இன்னும் 20 பேரைச் சேர்த்துக்கொள்வோம்" என்று அப்பா சொல்லும்போதெல்லாம் மறுத்துப் பேசாமல் எண்ணை மாற்றிக் காட்டினேன். முடிவை அவரே எடுத்தார்.

என் திருமணத்தில் மொத்தச் செலவு திட்டத்துக்குள்தான் இருந்தது. ஆனாலும் பணம் போதவில்லை. முன்பணம் கொடுத்தது போக மீதித் தொகைகளில் பெரும்பகுதி கடைசி 10 நாட்களுக்குள் குவிந்ததால், வைப்புத்தொகை ஒன்றை முதிர்வுக்கு முன்பே உடைத்து, வட்டியில் ஒரு பகுதியை இழக்க நேர்ந்தது. எவ்வளவு என்று எழுதி வைத்திருந்தோம், எப்போது என்று எழுதவில்லை. தம்பியின் திருமணத்துக்கு, பேசி முடித்த தொகை (அரசு வரி உட்பட), கொடுத்த முன்பணம், மீதி, மீதி கொடுக்க வேண்டிய நாள், கொடுப்பவர் யார் என ஒவ்வொரு செலவு வரிக்கும் ஐந்து பத்திகள் (நெடுவரிசைகள்) வைத்து, எந்த வாரத்தில் யார் கையிலிருந்து எவ்வளவு வெளியேறும் என்பதை சம்இஃப்ஸ் (SUMIFS, நிபந்தனைகளுக்குப் பொருந்தும் தொகைகளை மட்டும் கூட்டுவது) சூத்திரத்தால் தனித் தாளில் கூட்டினேன். இந்தத் தாளில் எனக்கு மிகவும் பயன்பட்டது இந்தப் பகுதிதான் என்று உறுதியாகச் சொல்வேன். செலவைப் பகிர்ந்துகொள்ளும் இரு வீட்டாரும் ஒரே பக்கத்தைப் பார்த்ததால், யார் எதைக் கொடுப்பது என்ற சங்கடமான பேச்சும் ஒரே நாளில் முடிந்தது.

எல்லோருக்கும் திருத்தும் உரிமை கொடுத்தது தவறு. தொகை வர வேண்டிய கட்டத்தில் மாமா "பேசிக்கொண்டிருக்கிறோம்" என்று எழுதிவிட்டார். கூட்டல் சூத்திரம் எழுத்துகளை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் விட்டுவிடும் என்பதால், அந்த வரி கணக்கில் சேராமலேயே மூன்று வாரங்கள் மொத்தத் தொகை குறைவாகக் காட்டிக்கொண்டிருந்தது. இப்போது அந்தப் பத்தியில் எண் மட்டுமே ஏற்கப்படும். குறிப்பெழுதத் தனிப் பத்தி உண்டு. யார், எப்போது, எதை மாற்றினார் என்பதைப் பதிப்பு வரலாற்றில் பார்த்துக்கொள்ளலாம்.

எதிர்பாராச் செலவுக்கு முதலில் 5 விழுக்காடு ஒதுக்கினேன், போதவில்லை. 10 விழுக்காடு போதுமானதாக இருந்தது. அதைத் தனி வரியாக வைத்து, எடுக்கும் உரிமையை ஒருவரிடம் மட்டும் கொடுப்பது நல்லது.

கைபேசியில் இத்தனை பத்திகளைப் படிப்பது இன்றும் சிரமமாகவே இருக்கிறது. முதல் பத்தியை நகராமல் நிறுத்தி வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம்.

அண்மையில் பெரியம்மா மகளுக்கு இதன் நகல் ஒன்றைக் கொடுத்தேன். பழைய தொகைகள் இருந்தால் மனம் அவற்றையே நம்பிவிடும் என்பதால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, செலவுகளின் பெயர்களையும் சூத்திரங்களையும் மட்டும் விட்டிருக்கிறேன்.